அப்பா காலேஜுக்குப் போன மாதம்

2020 மார்ச் 16, திங்கட்கிழமை. விடுதி மெஸ்ஸில் சாயங்கால டீக்கு வரிசையில் நின்றபோது டிவியில் செய்தி ஓடியது. மறுநாள் முதல் மார்ச் 31 வரை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. நாங்கள் கைதட்டினோம். ஒருத்தி விசிலடித்தாள். பின்னால் அது என்னவாக மாறியது என்று தெரிந்த பிறகு அந்தக் கைதட்டலை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது பதினைந்து நாள் லீவு, அவ்வளவுதான். ஏப்ரலில் கடைசி செமஸ்டர் தேர்வு. படிக்க நேரம் கிடைத்ததே என்று சந்தோஷம் வேறு.

நான் அப்போது திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. ஊர் அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துக்குப் பக்கம். மூன்று சுடிதாரையும் சார்ஜரையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டிலுக்கடியில் ட்ரங்குப் பெட்டியில் விட்டுவந்தவை: மூன்று வருட நோட்டுகள், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். அந்தப் பெட்டியை மறுபடி திறக்க ஒன்பது மாதம் ஆயிற்று. இடையில் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மார்க் ஷீட் கேட்டார்கள், கையில் இல்லாமல் விட்டுப்போனது. அதிலிருந்து சான்றிதழ் கவர் என்னைவிட்டுப் பிரிந்ததில்லை. இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் கூடவே வரும். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்கேன் காப்பி எனக்கு நானே அனுப்பிய மெயிலில் கிடக்கிறது. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்கச் சப்பென்று இருக்கும், பரவாயில்லை.

எங்கள் வீட்டுப் பயம் மற்ற வீட்டுப் பயத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. காரணம், அப்பா. அவர் கோயம்பேடு மார்க்கெட்டில் லோடுமேன். மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு என்று சொன்னார். நாடு நின்றது, கோயம்பேடு நிற்கவில்லை. ஊரடங்கானாலும் ஊருக்குத் தக்காளி வேண்டும், வெங்காயம் வேண்டும். ராத்திரி லாரி வர வர மூட்டை இறக்குவார். விடிந்த பிறகு படுப்பார். மத்தியானம் ரெண்டு மணிக்கு எழுந்து போன் பண்ணுவார். "மாஸ்க் போட்டீங்களாப்பா?" என்றால், "சும்மாட்டுத் துணிய மூக்குல கட்டிக்கிறேன் பாப்பா" என்பார். வியர்வையில் ஊறிய அந்தத் துணியை எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றாது.

மாலையானால் சுகாதாரத் துறைச் செயலராக இருந்த பீலா ராஜேஷ் டிவியில் அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நிற்பாள். சென்னை எத்தனை, அரியலூர் எத்தனை. அந்த இரண்டு எண்கள் மட்டும்தான் எங்களுக்கு. ஏப்ரல் முழுக்கச் சென்னை ஏறியது, அரியலூர் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, இரவு பதினொரு மணிவரை போனில் அதே செய்தியை வெவ்வேறு சேனலில் பார்ப்பேன். புதிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன். நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, காலையில் எழுந்ததும் மறுபடி போன். இதற்குப் பயம் என்று அப்போது நான் பேர் வைக்கவில்லை. "அப்டேட்டா இருக்கேன்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே முதல் வாரம் கோயம்பேட்டில் தொற்று பரவியது வெளியே தெரிந்தது. மே 5-ஆம் தேதி மார்க்கெட்டையே மூடினார்கள். அதற்குள் கூலிக்காரர்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று நான்கு பக்கமும். அப்பா ஒரு காலித் தக்காளி லாரியில் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. முந்திரிக் கொல்லையில் மரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு இருபதடி தள்ளி நின்று, அவர் சாப்பிடுவதைப் பார்ப்பாள். மூன்றாம் நாள் செவிலியர் அக்கா வந்து கோயம்பேட்டிலிருந்து வந்தவர்கள் பட்டியலில் பேர் எழுதி, மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்துப் போனார். மே 6 அன்று ஒரே நாளில் எங்கள் மாவட்டத்தில் 188 பேர். அதுவரை டிவியில் எங்கோ கீழே கிடந்த அரியலூர், அன்றைக்குச் சென்னைக்கு அடுத்த வரியில் வந்தது. ரெண்டு நாள் கழித்து அப்பாவுக்கும் பாசிட்டிவ் என்றார்கள். காய்ச்சலில்லை, இருமலில்லை. 108 வண்டி கொல்லை வரைக்கும் வந்தது.

தெருவில் மூங்கில் கட்டினார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடர் போட்டதில் கோலம் போட்ட மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. பால் ஊற்றுகிற பெரியம்மா நின்றுவிட்டார். குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் நகரும். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். தம்பி அந்த வருடம் பத்தாம் வகுப்பு. "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன்க்கா?" என்றான். 188 பேர் என்று நான் சொன்னது அவனுக்கு உதவவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏ கழுத, ஒங்கப்பன் திரும்ப வருவான், போய் சாப்பிடு" என்று கத்தினார். அது உதவியது.

அப்பாவை வைத்திருந்தது ஒரு கல்லூரி விடுதியில். வாழ்க்கையில் அவர் காலேஜுக்குள் போனது அதுதான் முதல் தடவை. என்னைச் சேர்க்க வந்த அன்றுகூட கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டவர். தினமும் மத்தியானம் அதே இரண்டு மணிக்குப் போன் வரும். முட்டை கொடுத்தார்கள், கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், ஜிங்க் மாத்திரை என்று ஏதோ கொடுத்தார்கள் என்று சொல்வார். ஒரு நாள், "பாப்பா, கட்டிலுக்கு மேல செவுத்துல எவனோ கணக்கு எழுதி வெச்சிருக்கான்" என்றார்.

"என்ன கணக்குப்பா?"

"எனக்கென்ன தெரியும். நீளமா, மேலயும் கீழயும் வளைஞ்சு ஒண்ணு இருக்கு. எங்க மூட்டைக் கொக்கி மாதிரி."

"அது இண்டக்ரல்ப்பா."

"எதுக்கு அது?"

யோசித்தேன். "சின்னச் சின்னதா நிறைய இருந்தா, எல்லாத்தையும் சேத்துக் கூட்டறதுக்கு."

"கூட்டறதுக்கு இத்தாம்பெரிய கொக்கியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மார்ச்சுக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். அதற்குப் பிறகு தினமும் அந்தச் சுவரில் இருப்பதை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அது என்ன பாடம் என்று நான் சொல்வேன். மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவருக்குச் சொல்வதற்காகவே நான் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்கத் தொடங்கியிருந்தேன்.

படிப்பு ஓடாத காலத்தில் "படி, படி" என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை என்பதை அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் படிப்பு தானாக நகரும். பிறகு எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து, இரவு எட்டு மணிக்குக் கான்ஃபரன்ஸ் காலில் ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். வீடியோ இல்லை, டேட்டா தாங்காது. வெறும் குரல்தான். பத்து நிமிடப் பாடத்துக்கு முன்னால் இருபது நிமிடப் புலம்பல் இருக்கும். அதையும் நாங்கள் நிறுத்தவில்லை.

அப்பா நெகட்டிவ் ஆகி வெளியே வந்தபோது பழக்கூடை கொடுத்து, கைதட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அதில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசு வாங்கப் பிடித்து நிறுத்திய பையன் மாதிரி.

நோய் பற்றிய பயம் வீட்டில் இறங்கியதும், அதன் பின்னால் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தேர்வு நடக்குமா? நடக்காவிட்டால் டிகிரி உண்டா? கொரோனா பேட்ச் என்று ஒதுக்குவார்களா? எம்.எஸ்சி. சேர முடியுமா, பணம் எங்கே? உண்மையில் எங்கள் வயதுக்காரர்கள் பெரும்பாலோர் வைரஸுக்குப் பயந்ததைவிட இதற்குத்தான் பயந்தோம். ஆனால் நாட்டில் ஆட்கள் சாகும்போது "என் செமஸ்டர் என்னாகும்" என்று கேட்க வெட்கமாக இருக்கும். அதனால் வெளியே சொல்லவில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இதுதான் இருபத்துநாலு மணி நேரமும். "ஜூன் 15 எக்ஸாம் கன்ஃபர்ம்." "எல்லாருக்கும் ஆல் பாஸ், நம்ம சீனியரோட மாமா யூனிவர்சிட்டில இருக்கார்." "கையெழுத்தோட சர்க்குலர் வந்துருச்சு", திறந்தால் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தினுடையது. ஒவ்வொரு செய்திக்கும் நான் ஒருமுறை டைம்டேபிள் போட்டு, ஒருமுறை கிழிப்பேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், "வராத வண்டிக்கு மூட்டை எண்ணிட்டு இருக்கியே பாப்பா" என்றார்.

மார்க்கெட்டில் அவர் வைத்திருந்த சிறு நோட்டைக் காட்டினார். எந்த மண்டிக்கு எந்த வண்டி, யார் சொன்னது, வந்ததா என்று அவருக்கு மட்டும் புரிகிற குறிகள். வண்டி வரும் என்று டிரைவர் சொன்னால் ஒரு குறி, மண்டிக்காரர் சொன்னால் வேறு குறி, கண்ணால் பார்த்தால்தான் டிக். டிக் விழாத வண்டிக்காக ஆள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் தம்பியின் பழைய ரஃப் நோட்டை எடுத்து மூன்று கட்டம் போட்டேன். என்ன செய்தி, யார் சொன்னது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும். "யார் சொன்னது" என்ற இடத்தில் பல்கலைக்கழக இணையதளம், அரசு ஆணை, நீதிமன்றம் என்று எழுத முடிந்தால் மட்டுமே டிக். ஒரு வாரத்தில் நாற்பது வரி சேர்ந்தன, டிக் விழுந்தது ஒன்றோ இரண்டோதான். "மறுபடி எப்போது" என்ற மூன்றாவது கட்டம்தான் உண்மையில் வேலை செய்தது. ஏப்ரல் 29-ஆம் தேதி யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. ஜூலை 6 அன்று அதைத் திருத்தி, கடைசி வருடத்துக்குத் தேர்வு கட்டாயம், செப்டம்பர் முடிவதற்குள் நடத்த வேண்டும் என்றது. அதை எதிர்த்து வழக்கு போனது. அப்போது என் நோட்டில் எழுதினேன்: "சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. வரும் வரை பார்க்க வேண்டாம். நடக்கும் என்று வைத்துப் படி." ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது: தேர்வு இல்லாமல் கடைசி வருட மாணவர்களைத் தேர்ச்சி பெறச் செய்ய முடியாது. குழுவில் ஒரே அழுகை. நான் டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வீரம் ஒன்றுமில்லை, அந்த அழுகையை ஜூலையிலேயே முடித்திருந்தேன்.

செய்தி பார்ப்பதையும் அதே நோட்டுக்குள் அடைத்தேன். காலை ஒருமுறை, மாலை எண்ணிக்கை வந்த பிறகு ஒருமுறை. இடையில் கை தானாகப் போனைத் தேடும். முதல் நாலு நாள் கஷ்டம். அதற்கு மருந்தாக அமைந்தது முந்திரி. கோடையில் எங்கள் பக்கம் முந்திரி விழும் காலம். அம்மாவோடு கொல்லைக்குப் போய்ப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுப்பேன். கொட்டைத் தோட்டுப் பால் பட்டால் விரல் பொத்துப்போகும், அதனால் போனைத் தொட முடியாது. என் மனநலத்துக்கு அந்த வருடம் யாராவது உதவினார்கள் என்றால் அது அந்த எண்ணெய்தான் என்று தோழிகளிடம் கிண்டலாகச் சொல்வேன், பாதி நிஜம். வெயில், உடம்பு வலி, ராத்திரி ஒன்பதுக்கே தூக்கம்.

தம்பி கதை தனி. அவனுடைய பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 27 என்றிருந்தது ஜூன் 1 ஆகி, ஜூன் 15 ஆகி, கடைசியில் ஜூன் 9 அன்று ரத்து, எல்லோரும் பாஸ் என்றார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டதில் அவன் முகம் சுருங்கியது. அரையாண்டில் அவன் சும்மா எழுதிவிட்டு வந்திருந்தான். "முன்னாடியே சொல்லியிருந்தா படிச்சிருப்பேனே" என்றான். நியாயமான கேள்விதான்.

ஜூலையில் அத்தை ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சிமென்ட் ஆலையில் வேலை. "இப்ப முடிச்சா அம்பது பேருதான் கூப்புட முடியும். மண்டபம் வேணாம், சீர் வேணாம், கோயில்ல தாலி கட்டிட்டு வந்துரலாம். ரெண்டு லட்சம் மிச்சம் தம்பி" என்று அப்பாவிடம் கணக்கு சொன்னார். அத்தை கெட்டவர் இல்லை. கோயம்பேடு மூடிக்கிடந்த நேரத்தில் அந்தக் கணக்கு யாருக்கும் சரியாகத்தான் படும். என் வகுப்பில் அந்த ஊரடங்கில் மட்டும் ஐந்து பேருக்குக் கல்யாணம் ஆனது. அதில் இருவர் தேர்வே எழுதவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களின் பயம் என்று பேசுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். பையன்களுக்கு அந்த வருடம் வேலை போய்விடுமோ என்ற பயம். எங்களுக்கு, வேலை என்ற பேச்சே போய்விடுமோ என்று.

நான் மாட்டேன் என்று கத்தவில்லை. கத்தியிருந்தால் தோற்றிருப்பேன். "ரிசல்ட் வரட்டும்ப்பா. பரிட்சை செப்டம்பர், ரிசல்ட் அக்டோபர். தீபாவளிக்கு அப்புறம் பேசலாம்" என்றேன். அப்பா தேதியை மதிக்கிறவர். அதோடு எங்கள் துறை மேடத்துக்குப் போன் பண்ணி, அப்பாவோடு பேசச் சொன்னேன். அவர் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பெண் எம்.எஸ்சி. சேர்ந்தால் என்ன செலவாகும், எந்த உதவித்தொகை கிடைக்கும், பி.எட். முடித்தால் என்ன வேலை என்று கால்மணி நேரம் ரூபாய்க் கணக்காகச் சொன்னார். அத்தையின் கணக்குக்கு எதிராக இன்னொரு கணக்கு வீட்டுக்குள் வந்தது. தீபாவளிக்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது, நல்லபடியாக இருக்கட்டும்.

விடுதியில் என் எதிர்க் கட்டில் தோழியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிதம்பரம் பக்கம். அப்பா தள்ளுவண்டியில் இட்லிக் கடை. ஊரடங்கில் வண்டி தலைகீழாகக் கிடந்தது. அவளுக்கு நாலு அரியர். குழுவில் எல்லோரையும் சிரிக்கவைக்கிறவள் மெல்ல மெல்ல "ம்", "சரி" என்று ஆனாள். நான் "எப்படி இருக்க?" என்று அனுப்புவேன், "நல்லா இருக்கேன்" என்று வரும். அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஜூலை கடைசியில் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அவளிடமிருந்து செய்தி: "நீங்க எல்லாரும் முடிச்சிருங்கடி. எனக்கு எதுவும் வேணாம்னு இருக்கு."

உடனே போன் பண்ணினேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்கும்போது என் குரல் நடுங்கியது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்டதும் அவள் உடைந்து அழுதாள், ஆமாம் என்றாள், அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. நான்கு மணிவரை லைனில் இருந்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. ராத்திரி சாப்பிட்டாயா என்றேன், ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். அம்மாவை எழுப்பு என்றேன், மாட்டேன் என்றாள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். சத்தியம் பண்ணிவிட்டு, தம்பியை எழுப்பி அம்மா போனிலிருந்து அவள் அம்மாவை அழைக்கச் சொன்னேன்.

மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. "நீ துரோகி" என்று ஒரே ஒரு செய்தி. அதற்குள் அவள் அம்மா 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் பண்ணி, ஆலோசகர் அவளோடு நாலைந்து தடவை பேசி, மாவட்ட மருத்துவமனையில் டாக்டரையும் பார்த்துவிட்டார்கள். இப்போது அவள் நன்றாக இருக்கிறாள், இதை எழுத அனுமதியும் தந்தாள். "துரோகின்னு சொன்னதையும் போடு" என்றாள். இப்போதென்றால் 104-ஓடு 14416 என்ற எண்ணும் இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். தோழி கோபித்துக்கொள்வாளே என்று யோசிக்காமல் வீட்டில் ஒரு பெரியவரை எழுப்பிவிடுங்கள். கோபம் ஆறிவிடும்.

அன்றிலிருந்து "எப்படி இருக்க" என்று கேட்பதை விட்டேன். "காலைல என்ன சாப்பிட்ட? நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?" இதற்குப் பொய் சொல்ல மெனக்கெட வேண்டும். எங்கள் மேடமும் போனை எடுத்ததும் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்பார். அதை வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாடங்களுக்கும் தேர்வில்லாமல் தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தது. ஊரெங்கும் முதலமைச்சருக்கு நன்றி போஸ்டர். எங்கள் குழுவில் அவள் ஒரு ஆட்டப் படம் போட்டாள், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. அவளுக்காக எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் நோட்டில் அதற்கு டிக் போடவில்லை; அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்க்கிறது, வழக்கு நடக்கிறது என்று தெரிந்தது. "கிடைச்சா லாபம். ஆனா புத்தகத்தத் தூக்கிப் போடாத" என்றேன், திட்டினாள். 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தத் தேர்வு ரத்தை ஏற்காமல், தேர்வு வைக்கச் சொன்னது. எழுதினாள், நாலும் முடித்தாள். அந்த அறிவிப்பைக் கேலி செய்தவர்களோடு நான் சேர மாட்டேன். ஒரு பெண்ணுக்கு எட்டு மாதம் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் அதை நம்பிப் புத்தகத்தை எடைக்குப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

எங்கள் தேர்வு செப்டம்பரில் நடந்தது. கேள்வித்தாள் ஆன்லைனில் வரும். வீட்டிலேயே ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். பாடத்தைவிட இந்த ஏற்றுவதுதான் எல்லோருக்கும் உயிர் போனது. நான் மூன்று நாள் முன்னதாகவே வெள்ளோட்டம் பார்த்தேன். அதனால் பிழைத்தேன். வெள்ளோட்டத்தில் தெரிந்தவை: வீட்டுக்குள் சிக்னல் இல்லை, கொல்லையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். மரத்தடியில் படம் எடுத்தால் இலை நிழல் விழுந்து இண்டக்ரலும் இலையும் ஒன்றாகத் தெரியும். படங்களை அப்படியே பி.டி.எஃப். ஆக்கினால் கோப்பு பெரிதாகி ஏறாது, ஸ்கேன் செய்யும் ஆப்பிலேயே கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சுருங்கிவிடும். பக்க எண்ணும் பதிவெண்ணும் எல்லாப் பக்கத்திலும் முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் கடைசிப் பத்து நிமிடம் மிச்சம். நாற்காலி, பலகை, போன், தம்பி. அவன்தான் ஸ்கேன் ஆப்பரேட்டர். தொட்டி மேல் நின்றுகொண்டு, "அக்கா, ஏழாம் பக்கத்துல எறும்பு" என்றான். எறும்போடேதான் போயிற்று.

2021 மே மாதம் இரண்டாம் அலை வந்தபோது எம்.எஸ்சி. முதல் வருடம். அதைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு அப்பா போனார். இரவு எட்டு மணிக் கான்ஃபரன்ஸ் கால் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை பாடம் இல்லை, ஆளாளுக்கு அன்று சமைத்ததைச் சொல்வோம். அப்பாவை இழந்த ஒருத்தி தினமும் பேசாமல் லைனில் மட்டும் இருப்பாள். நாங்களும் பேசச் சொல்லவில்லை.

ட்ரங்குப் பெட்டியை எடுத்தது அதற்கு முந்தைய டிசம்பரில், டி.சி. வாங்கப் போனபோது. இடையில் எங்கள் விடுதியும் கோவிட் சிகிச்சை மையமாக இருந்திருக்கிறது. பெட்டிகளை எல்லாம் ஹாலில் அடுக்கி, சாக்பீஸால் அறை எண் எழுதி வைத்திருந்தார்கள். என்னுடையதைக் கண்டுபிடித்தேன், சான்றிதழ்கள் பத்திரமாக இருந்தன, பாச்சான் உருண்டை வாடை. அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன், வார்டன் சரி என்றார்.

என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் நான் ஒட்டியிருந்த ஏப்ரல் செமஸ்டர் டைம்டேபிளைக் காணோம். அலமாரியின் மேல்தட்டில் நாலாக மடித்துக் கிடந்தது. விரித்தேன். பின்பக்கத்தில் யாரோ பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, ஒரு பக்கம் காலை, ஒரு பக்கம் மாலை என்று எழுதி, தேதிவாரியாக ஆக்ஸிஜன் அளவைக் குறித்திருந்தார்கள். 95, 94, 94, 93. ஒரு நாள் காலை மட்டும், மாலை வெறுமை. அப்புறம் 95. 96. கையெழுத்து வயதானவருடையது போலிருந்தது, ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிற பழைய ஆள். 97, 97. கடைசி வரியில் 98 என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக்.

மடித்துச் சான்றிதழ் கவரில் வைத்துக்கொண்டேன்.